ஒட்டி வைத்த திருகாணிகள்

மேடம் உட்கார்ந்து நான் பார்த்து நாளாகிவிட்டது.

வழக்கு இல்லாத நாட்களில் அவர் அப்படித்தான். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடப்பார். ஆறிப்போன தேநீரை எடுப்பார், குடிக்காமலே வைப்பார், மறுபடி நடப்பார். வெளியே காலையிலிருந்து ஊசி ஊசியாகக் குளிர்மழை. எங்கள் துப்பறியும் அலுவலகத்திலும் ஹீட்டர் என்று ஒன்று இருக்கிறது. அது சத்தம் மட்டும் போடும். அந்த வேலைக்குத்தான் நான் இருக்கிறேனே என்று யாரும் அதைச் சரிசெய்வதில்லை.

"வாயாடி, கொஞ்சம் சும்மா இரேன்."

"நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல மேடம்."

"ஆரம்பிக்கப் போறே. மூஞ்சியில தெரியுது."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. குடையைக் கையில் வைத்துக்கொண்டே நனைந்து வந்திருந்தார் ஒருவர். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மேடத்தின் கண்ணாடி அவர் செய்து கொடுத்ததுதான்.

"மேடம், ஒரு திருட்டு. சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சாகணும்."

"என்ன போச்சு?"

"எங்க வீட்டு ஹீட்டர்ல இருந்து ஒரு பாகம். நெருப்பப் பத்த வைக்கிற கம்பி. இவ்வளவுதான்." சுண்டுவிரலைக் காட்டினார்.

நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. வந்தவரின் உதடு நடுங்குவதை அவர் எனக்கு முன்பே பார்த்திருந்தார்.

"என் குழந்தை ரெண்டு கிலோகூட இல்ல மேடம்," என்றார் கண்ணாடிக்காரர். "நாள் வர்றதுக்கு முன்னாலயே பொறந்துட்டா. இத்தனை நாளா ஆஸ்பத்திரியில வெதுவெதுன்னு ஒரு பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. நாளைக்கு அனுப்பறோம்னு சொன்னவங்க, இன்னைக்குக் காலைல போன் பண்ணி, கட்டில் வேணும், சாயங்காலமே கூட்டிட்டுப் போங்கங்கறாங்க. ரூம் குளிரவே கூடாதாம். வீடோ ஐஸ்பெட்டியா கிடக்குது."

கதை இதுதான். வெயில் காலத்தில் குளிரும், குளிர் காலத்தில் கேஸ் எரித்துச் சூடும் தருகிற பழைய மெஷின் ஒன்று அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. குழந்தை வருவதற்கு முன் அதைச் சரிபார்த்துவிடலாம் என்று முந்தாநாள் ஒரு மெக்கானிக்கை வரவழைத்திருக்கிறார். வந்தவன் முசுடு. முகம் கொடுத்துப் பேசவில்லை. இவர் கடையில் இருந்த நேரத்தில் அந்தக் கம்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கண்ணால் பார்த்த சாட்சி இவருடைய மாமனார்.

"அப்புறம் மாமா இன்னொருத்தர வரச் சொன்னார். நல்ல மனுஷன். சிரிச்ச முகம். 'மெஷினே போச்சு, புதுசு போட்டுடலாம், அதுவரைக்கும் எங்கயாவது ஒரு பாகம் தேடிக் கொண்டாந்து ஓட வைக்கிறேன்'னு சொல்றார். ஆனா இனிமே யார நம்பி வீட்ட ஒப்படைக்கறதுன்னே தெரியல. ஒருத்தன் திருடறான். இன்னொருத்தன் பொய் சொல்ல மாட்டான்னு என்ன நிச்சயம்? நீங்க பாத்துச் சொல்லுங்க மேடம்."

மேடம் நடப்பதை நிறுத்தினார். "கண்ணாடி புதுசா இருக்கே?"

"இதுவா? மூணாவது தடவையா மாத்தினது. குளிர் ஆரம்பிச்சதுல இருந்து ஒரே தலைவலி. கடைக்கு வந்தா போயிடும், வீட்டுக்குப் போனா மண்டையப் பிளக்கும். வீட்ல புத்தகத்தக் கிட்ட வெச்சுப் படிக்கிறேன் இல்லையா, பவர் சரியில்லன்னு மாத்திட்டே இருந்தேன். இந்தத் தடவை அமைஞ்சிருச்சு. ரெண்டு நாளா வலியே இல்ல."

"கண்ணாடிக்காரருக்கே மூணு தடவைன்னா எங்க கதி என்ன சார்?" என்றேன்.

மேடம் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

* * *

கண்ணாடிக்காரர் கடைக்குத் திரும்பிவிட, நாங்கள் மட்டும் போனபோது அவர் வீட்டு வாசலில் மாமனார் நின்றிருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். போர்வையைச் சுற்றிக்கொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்த பார்வையில், என் கை தானாகச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டது.

"துப்பறியறவங்களா? இதுல துப்பறிய என்னம்மா இருக்கு? கண்ணாலயே பாத்தேன். எடுத்தான், பையில போட்டான், போனான்."

"முதல்ல வந்தவரக் கூப்பிட்டது யாரு, ஐயா?"

"மாப்பிள்ளை. அவருக்கு ஆள எடை போடத் தெரியாது. எனக்கு மூஞ்சியப் பாத்தாலே போதும். டிக்கெட் இல்லாதவன் சொல்ற கதை எத்தனை கேட்டிருப்பேன்! ஒருத்தன் அழுவான், ஒருத்தன் நெஞ்சப் பிடிப்பான், ஒருத்தன் பொண்டாட்டி செத்துட்டான்னு சொல்லுவான். அவ பக்கத்துப் பெட்டியில உக்காந்திருப்பா. வேலை பாத்த காலம் முழுக்க ஒருத்தன்கிட்ட நான் ஏமாந்தது கிடையாது."

"அந்த முசுடு என்ன கதை சொன்னார்?"

"வழக்கமான பாட்டுதான். பயமுறுத்தினான். மெஷின் விக்கறவன் வேற என்ன செய்வான்? போடா வெளியேன்னு அனுப்பிட்டேன்."

அதற்கு மேல் கேட்க மேடம் நிற்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் குனிந்து, என் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் மெஷினின் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தேன். கம்பி இருந்த இடம் காலி. இரண்டு வயர்களின் நுனியும் தனித்தனியாக டேப் சுற்றி, ஒன்றோடொன்று படாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மூடியைத் திருப்பினார். அதன் உட்புறத்தில் ஒரு துண்டு டேப்பின் கீழ், சின்னத் திருகாணிகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன.

"அடடா, இவ்வளவு சுத்தமான திருடனா? எங்க வீட்டுக்கும் அனுப்பி வைங்க, மேசை டிராயர்..."

"உஷ்." மேடம் மூடியைப் பழையபடி மாட்டினார்.

அதற்குள் வாசலில் ஹாரன் சத்தம். இரண்டாவது மெக்கானிக் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வாய் நிறையப் பல். நான் அவருக்கு அந்த நிமிடமே பல்லழகர் என்று பேர் வைத்துவிட்டேன். வந்ததும் ஆளுக்கொரு விசிட்டிங் கார்டு கொடுத்தார். சுவருக்குக்கூட ஒன்று கொடுத்திருப்பார், கை நீட்டியிருந்தால்.

"மெஷின முழுசாப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"அங்குலம் அங்குலமாப் பாத்துட்டேன் மேடம். நேத்தே பாத்தாச்சு. படுபாவி, திருகாணியோட சேத்து அள்ளிட்டுப் போயிருக்கான். உள்ள வயரெல்லாம் பிஞ்சு தொங்குது. பாக்கவே பாவமா இருக்கு."

நான் வாயைத் திறந்தேன். மேடத்தின் செருப்பு என் கால்விரலின் மேல் ஏறியது.

"அவன் நம்பர பிளாக் பண்ணிடுங்கன்னு நான்தான் சாருக்குச் சொன்னேன்," என்று தொடர்ந்தார் பல்லழகர். "இந்த மாதிரி ஆளுங்க அப்புறம் போன் பண்ணி மிரட்டுவாங்க. பாகம் ஒரு இடத்துல சொல்லி வெச்சிருக்கேன். இப்பப் போய் எடுத்துட்டு வந்து, பாப்பா வர்றதுக்குள்ள வீட்ட கதகதன்னு ஆக்கிடறேன்."

"பாத்தியாம்மா?" என்றார் மாமனார் பெருமையோடு. "இவர்தான் ஆளு."

போகும் வழியில் மேடம் குழந்தையின் அறையை எட்டிப் பார்த்தார். புதுத் தொட்டில், மடித்து வைத்த சின்னச் சின்னத் துணிகள், ஒரு கம்பளிக் குல்லாய். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. மூட முடியாதபடி, மடித்த அட்டை ஒன்று சட்டத்துக்கு நடுவே இறுக்கிச் செருகப்பட்டிருந்தது.

"அதுவும் அவன் வேலைதான்," என்றார் மாமனார். "இந்தக் குளிர்ல திறந்து வெச்சுட்டுப் போயிருக்கான். சட்டம் ஈரத்துல ஊறிப்போய், உருவினா வர மாட்டேங்குது. இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், குளிரா இருந்தாலும் ரெண்டு நாளாத்தான் காலைல எழுந்தா தலை பாரமில்லாம இருக்கு."

மேடம் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு ஏறக்குறைய ஓடினார்.

* * *

"கேக்கலாமா கூடாதா?" என்றேன், காரைக் கிளப்பிக்கொண்டே. கால்விரல் இன்னும் வலித்தது.

"கேளு."

"பல்லழகர் மூடியவே திறக்கல. திறந்திருந்தா திருகாணி கண்ணுல பட்டிருக்கும். பெரியவர் சொன்னத வெச்சுக் கதை கட்டியிருக்கார். இது எனக்கே புரிஞ்சிருச்சு."

"ரொம்பப் பெருமைப்படாதே. அப்புறம்?"

"முசுடு ஏன் திருகாணிய ஒட்டி வெச்சான்?"

"நீயே சொல்லு. திருடன் எதுக்கு ஒட்டி வைப்பான்?"

"வைக்க மாட்டான். அங்க தாமிரக் குழாய் இருக்கு, அதத்தான் அறுத்துட்டுப் போவான். திருகாணிய ஒட்டி வைக்கறவன் திரும்பி மாட்டணும்னு நினைக்கறவன்."

"இப்ப ஜன்னலையும் தலைவலியையும் சேத்துப் பாரு."

பார்த்தேன். ஒன்றும் சேரவில்லை. மேடம் பெல்ட்டை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். சிக்னல் சிவப்பிலேயே நின்று உயிரை வாங்கியது. கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அவர் வீட்டுப் போனும் அடித்து அடித்து ஓய்ந்தது.

கண்ணாடிக்காரர் முன்பே தந்திருந்த விலாசத்தில் முசுடுவின் பட்டறை, ஒரு லாரி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே பிரித்துப்போட்ட மெஷின்கள். ஒவ்வொன்றின் மூடியும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு மூடியின் உள்ளேயும் டேப், டேப்புக்குக் கீழே அதனதன் திருகாணிகள். நடுவில் தலை நரைத்த ஒரு ஆள் ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கடை மூடியாச்சு."

"திறந்துதானே இருக்கு?" என்றேன்.

"உங்களுக்கு மூடியாச்சு."

"அந்தக் கம்பிய எங்க வெச்சிருக்கீங்க?" என்றார் மேடம்.

அவர் நிமிர்ந்தார். ஒளிவுமறைவில்லாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்துப் பிரித்தார். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் கம்பி.

"அந்த மெஷின்ல நெருப்பு எரியற பெட்டி ஒரு பக்கம். வீட்டுக்குள்ள வர்ற காத்து இன்னொரு பக்கம். நடுவுல ஒரு தகடு. அந்தத் தகடு வெடிச்சிருக்கு. நெருப்புல இருந்து வர்ற விஷவாயு நேரா ரூமுக்குள்ள போகுது. நாத்தம் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. தலை வலிக்கும். தூக்கம் வரும். அப்புறம் எழுந்திருக்க மாட்டாங்க." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஸ்பேனரைப் பார்த்தார். "பெரியவர்கிட்ட சொன்னேன். 'இந்தக் கதை வேற எங்கயாவது சொல்லு'ன்னார். கேஸ் குழாய மூடினேன். என் கண் முன்னாலயே திறந்தார். மறுபடி மூடினேன், மறுபடி திறந்தார். சண்டை போட எனக்கு வராதுங்க. கம்பிய எடுத்துட்டு வந்துட்டேன். இது இல்லாம அது எரியாது."

கண்ணாடிக்காரரின் மூன்று கண்ணாடிகளும் எனக்கு அப்போதுதான் புரிந்தன.

"ஜன்னல்?"

"ரூம்ல அடைஞ்சிருந்தது போகட்டும்னு அட்டைய வெச்சேன். கண்ணாடிக்காரருக்கு எத்தனையோ தடவை போன் போட்டுட்டேன், போகவே மாட்டேங்குது. நாளைக்குக் காலைல போய் வாசல்லயே நிக்கலாம்னு இருந்தேன். குழந்தை நாளைக்குத்தானே வருது?"

"இன்னைக்கு," என்றார் மேடம். "வேற ஒரு கம்பி மாட்ட ஆளும் போயிருக்கார்."

ஸ்பேனர் கீழே விழுந்தது.

* * *

முசுடுவின் வேனில் மூவரும் நெருக்கிக்கொண்டு போனோம். என் மடியில் ஒரு கருவிப்பெட்டி, காலுக்கடியில் இரண்டு கரன்ட் ஹீட்டர்கள். வைப்பர் வேலை செய்யவில்லை. எனக்கு வாயும் வேலை செய்யவில்லை.

கதவைத் திறந்ததும் முகத்தில் கதகதப்பான காற்று அடித்தது. காலையிலிருந்து விறைத்துப்போயிருந்த எனக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். அதுதான் பயங்கரம்.

"வாங்க மேடம், வாங்க!" கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "சீக்கிரமே அனுப்பிட்டாங்க. பாப்பா வந்தாச்சு. தூங்கறா. பாருங்க, வீடு எப்படி ஆயிருச்சு!" சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி, புருவத்துக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

மேடம் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். தாய் கட்டிலில் கண்சொருகிக் கிடந்தாள். ஜன்னல் இறுக மூடியிருந்தது. அட்டையை எப்படியோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். மேடம் தொட்டிலிலிருந்து குழந்தையைக் கம்பளியோடு அள்ளினார்.

"யாரும்மா நீ, குழந்தையைக் கொண்டா!" மாமனார் பாய்ந்து வந்தார். "வெளிய எடுத்துட்டுப் போறியே, குளிருக்குத் தாங்குமா?"

"உங்க கோபத்த வாசல்ல வந்து காட்டுங்க. பொண்ண எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. இப்பவே!"

மேடம் கத்தி நான் கேட்டதில்லை. மாமனார் மகளை எழுப்ப ஓடினார். எதிர்வீட்டுக் கதவை நான் உடைக்காத குறையாகத் தட்டினேன். தாயும் குழந்தையும் உள்ளே போனார்கள். மழையில் நடந்ததும் தாய்க்குத் தெளிவு வந்துவிட்டது. குழந்தை ஒரு தும்மல் போட்டு, முகம் சிவக்க அழ ஆரம்பித்தது. அந்த அழுகையைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. முசுடு மெஷினை ஒரு கையால் நிறுத்திவிட்டு, கிளம்பப் பார்த்த பல்லழகரை இன்னொரு கையால் பிடித்து வைத்திருந்தார்.

"பொழப்பக் கெடுக்கறதுக்குன்னே வந்திருக்கான் சார்," என்றார் பல்லழகர். பற்கள் இன்னும் இடத்தில்தான் இருந்தன. "நல்லா எரியற மெஷினுங்க இது."

"பாத்துடலாம்," என்றார் மேடம். "ஒரே நிமிஷம். ஐயா, நீங்க முன்னால வந்து குனிங்க. நீங்கதான் பாக்கணும்."

முசுடு மூடியை எடுத்துவிட்டு மெஷினைப் போட்டார். நீலச் சுடர்கள் வரிசையாக, நேராக எரிந்தன.

"அழகாத்தானே எரியுது?" என்றார் மாமனார்.

"இன்னும் காத்தாடி ஓடல. ஓடினதும் வீட்டுக்குள்ள காத்து போகும். தகடு நல்லா இருந்தா, காத்து ஓடறது நெருப்புக்குத் தெரியவே கூடாது. பாருங்க."

உள்ளே காற்றாடி உறுமிக்கொண்டு கிளம்பியது. சுடர்கள் யாரோ ஊதியதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தன. மஞ்சளாகி, துடித்து, மூடியின் விளிம்பை நக்கின. முசுடு உடனே அணைத்தார்.

பல்லழகரின் வாய் முதல் தடவையாக மூடியது. "நான்... அவ்வளவு உள்ள பாக்கலைங்க," என்றார்.

"நீங்க இன்னைக்குத்தான் மூடியவே திறந்தீங்க," என்றார் மேடம். "கையெட்டற தூரத்துல திருகாணி ஒட்டியிருந்தது. அத அள்ளிட்டுப் போயிட்டான்னு எங்ககிட்ட சொன்னீங்க. உங்க கார்டு இவங்க எல்லார்கிட்டயும் இருக்கு. இந்த வேலைக்கு லைசென்ஸ் கொடுக்கற ஆபீஸ்ல நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். யாரும் வழியனுப்பவில்லை.

கண்ணாடிக்காரர் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "யார நம்பறதுன்னு உங்ககிட்ட கேட்டேனே மேடம்..."

"அடுத்து வர்றவன் தேடக் கூடாதேன்னு திருகாணிய ஒட்டி வெச்சுட்டுப் போனாரே, அவர நம்புங்க. முதல்ல போன் நம்பர அன்பிளாக் பண்ணுங்க."

முசுடு எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல்லழகர் மாட்டிய கம்பியைக் கழற்றினார், வயர்களுக்கு டேப் சுற்றினார், திருகாணிகளை மூடியின் உட்புறம் ஒட்டினார். வேனிலிருந்த கரன்ட் ஹீட்டர்களைக் குழந்தையின் அறையிலும் கூடத்திலும் வைத்தார். "புது மெஷின் வர்ற வரைக்கும் இது போதும். ஜன்னல் ஒரு விரல் திறந்தே இருக்கட்டும்." பிறகு கழற்றிய கம்பியை மாமனாரிடம் நீட்டினார். "இந்தத் தடவை நீங்களே வெச்சுக்கங்க. நான் எடுத்துட்டுப் போனா திருட்டுங்கறாங்க."

மாமனார் வாங்கிக்கொண்டார். "ஏம்ப்பா, நான் உன்ன வெளிய போடான்னு சொன்னேன். அப்படியே போயிருக்கலாமே?"

"போனேனே."

"கம்பிய எடுத்துட்டில்ல போனே?"

"நீங்க கேஸை மறுபடி திறந்தீங்களே, பின்ன என்ன பண்றது?" என்றார் முசுடு எரிச்சலோடு.

ஆயுள் முழுக்கப் பொய்க்காரர்களின் முகத்தைப் பார்த்த மாமனார், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொடுங்க மாமா, டிராயர்ல வைக்கறேன்," என்று மாப்பிள்ளை கை நீட்டினார்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை."

மூடிய கையை அவர் திறக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து குழந்தை திரும்பி வந்து, பால் குடித்து, தொட்டிலில் தூங்கிய பிறகும் திறக்கவில்லை. மேடம் மாடிப்படியில் உட்கார்ந்து யாரோ கொடுத்த தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு வந்தபோது, மாமனார் தலையில் போர்வையோடு மழையில் குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறீங்க ஐயா?"

நசுங்கிப்போன அந்த அட்டைத்துண்டை எடுத்து, போர்வையின் முனையால் துடைத்து, உள்ளே கொண்டுபோய்ப் பேத்தியின் ஜன்னலில் பழைய இடத்திலேயே செருகினார். உறுதியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.